முதல் வெளிநாட்டுப் பறவைப் பயணம்: இலங்கையின் சிங்கராஜாவா, தாய்லாந்தின் பாக் தலேயா?

மாந்தோப்பு (முதலமடை)
அக்டோபர் 12, இரவு 9.10

வணக்கம். நாலு வருஷமாக மீன்கரை, சுள்ளியாறு அணைப் பக்கம் கேமராவோடு சுற்றுகிறேன். பரம்பிக்குளம் மூன்று தடவை, தட்டேக்காடு ஒரு தடவை போயிருக்கிறேன். இந்த வருஷம் தோப்பைக் குத்தகைக்கு விட்டாச்சு. மருந்தடிப்பும் காய் பறிப்பும் வியாபாரி பாடு. அதனால் பிப்ரவரியில் பத்து நாள் கையில் இருக்கிறது. நானும் மச்சானும் முதல் தடவையாக வெளிநாட்டுக்குப் பறவை பார்க்கப் போகலாம் என்றிருக்கிறோம்.

இலங்கையா, தாய்லாந்தா என்பதுதான் கேள்வி. கொச்சியிலிருந்து இரண்டுக்குமே நேரடி விமானம் இருக்கிறது. பயண ஏற்பாட்டாளர் ஒருவர் தாய்லாந்துக்குத் திட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். எட்டு நாள், ஒன்பது இடம், இருநூறு இனத்துக்குக் குறையாது என்கிறார். என்னிடம் இருப்பது 150-600 லென்ஸ். மச்சானிடம் கேமரா கிடையாது, 8x42 பைனாகுலர் மட்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்க.

வேலந்தாவளம் டீச்சர்
அக்டோபர் 12, இரவு 10.02

தம்பி, எட்டு நாளில் ஒன்பது இடம் வேண்டாம். விடிகாலையும் சாயங்காலமும்தான் பறவை நேரம். ஊர் மாறுகிற நாளில் அந்த இரண்டையும் வண்டி தின்றுவிடும்.

என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்கு இலங்கைதான். பாலக்காட்டுப் பக்கம் பறவை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தத் தீவு ஒரு பாடப்புத்தகம். நெல்லியாம்பதியில் மலபார் சாம்பல் இருவாச்சியைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அதன் இடத்தில் இலங்கைச் சாம்பல் இருவாச்சி இருக்கும். நமக்கு நீலகிரிக் காட்டுப்புறா, அவர்களுக்கு இலங்கைக் காட்டுப்புறா. நம்மூர் நீலமுகச் செண்பகத்தின் உறவுக்காரி அங்கே செம்முகத்தோடு இருப்பாள். கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் இரண்டு நிலமும் ஒட்டிக்கிடந்தன. பிறகு தண்ணீர் ஏறிப் பிரிந்ததும் அந்தந்தக் கரையில் அந்தந்த இனம் தனியாக வளர்ந்தது. அந்தத் தீவில் மட்டும் வாழ்கிற இனங்களே 30க்கும் மேல். 2004 இல்கூட ஒரு புது ஆந்தையை விவரித்து எழுதியிருக்கிறார்கள். செரண்டிப் ஆந்தை என்று பெயர். அத்தனை சின்னத் தீவில் இத்தனை நாள் ஒரு ஆந்தை கண்ணில் படாமலே கூவிக்கொண்டிருந்திருக்கிறது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கும்.

சிங்கராஜா காட்டுக்குக் குடாவ வாசல் வழியாகப் போங்க. 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள காடு. ஒரு மணி நேரம் ஒன்றுமே இருக்காது, திடீரென்று மரம் முழுக்கப் பறவையாகிவிடும். செம்பழுப்புச் சிலம்பன்கள் முன்னால் சலசலத்துக்கொண்டு போக, கரிச்சான் காவல் பார்க்க, பின்னாலேயே பத்துப் பன்னிரண்டு இனம் ஒரே ஊர்வலமாக வரும். கால்மணி நேரத்தில் கடந்துவிடும். அந்தக் கால்மணி நேரத்தில் எதைப் படம் எடுப்பது, எதைப் பார்ப்பது என்று திணறுவீர்கள். நான் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றேன்.

ரத்தம் உறிஞ்சும் அட்டை உண்டு. முழங்கால் வரை வருகிற அட்டைக் காலுறை வாங்கிக்கொள்ளுங்க. நம் ஊர்ப் புகையிலைத் தண்ணி வைத்தியமும் நடக்கும், ஆனால் மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும்.

சோகநாசினி (சித்தூர்)
அக்டோபர் 13, காலை 6.40

டீச்சர் சொல்வது அத்தனையும் சரி. ஆனால் மாந்தோப்பு அண்ணன் படம் எடுப்பவர். சிங்கராஜாவுக்குள் வெளிச்சம் ரொம்பக் குறைவு. துளை 6.3க்கு மேல் திறக்காத லென்ஸை வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 6400க்கு ஏற்றினாலும் கரிச்சான் கரிக்கட்டையாகத்தான் வரும். நான் தாய்லாந்துக்கு இரண்டு தடவை போனவன், அதனால் அந்தப் பக்கம் பேசுகிறேன்.

பாங்காக்கிலிருந்து தெற்கே இரண்டரை மணி நேரத்தில் பெட்சபுரி மாவட்டம். அங்கே கடலோரம் பாக் தலே, லேம் பாக் பியா என்று உப்பளங்கள். ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் முட்டையிட்டுவிட்டுக் குளிர்காலத்தில் அங்கே வருகிறது கரண்டிவாய் உள்ளான். நம் சிட்டுக்குருவியளவு உடம்பு, அலகு நுனியில் ஒரு கரண்டி. உலகம் முழுக்க எண்ணினாலும் சில நூறுதான் மிச்சம். அது ஒரு சாதாரண உப்பளத்தில், மனிதர்கள் உப்பு வாருகிற இடத்தில், கொசு உள்ளான் என்கிற சின்னக் கரைப்பறவைகள் ஆயிரத்துக்கு நடுவில் நின்று மேய்கிறது. தாய்லாந்துப் பறவைப் பாதுகாப்புச் சங்கம் உப்பளத்தில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கிப் பறவைகளுக்காகவே வைத்திருக்கிறது. உப்பளம் என்றால் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் ஆழம் மாறும். உள்ளான் கால் நனைகிற ஆழம் எங்கேயாவது ஒரு பாத்தியில் எப்போதும் இருக்கும், அதுதான் ரகசியம்.

அங்கிருந்து மேற்கே போனால் கேங் கிராச்சான் காடு. தாய்லாந்தின் மிகப் பெரிய தேசியப் பூங்கா, கிட்டத்தட்ட 2,900 சதுர கிலோமீட்டர். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மேல்மலையை மூடிவிடுவார்கள், பிப்ரவரி அருமையான நேரம். பூங்காவுக்கு வெளியே ஊர்க்காரர்கள் தங்கள் நிலத்தில் சின்னத் தண்ணீர்க் குட்டை கட்டி, துணி மறைப்புப் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். ஹைடு என்பார்கள். ஆளுக்குச் சில நூறு பாட். நாற்காலியில் உட்கார்ந்தால் பறவை நம்மிடம் வரும்.

பனை உழவாரன் (கொல்லங்கோடு)
அக்டோபர் 13, மதியம் 1.25

//நாற்காலியில் உட்கார்ந்தால் பறவை நம்மிடம் வரும்//

இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை, மன்னிக்கணும். புழுவைக் கொட்டி, கல்லில் பாசி ஒட்டி, பறவையை வரவழைத்து எடுப்பதற்கு விமானம் ஏறிப் போக வேண்டுமா? இதெல்லாம் இங்கேயும் வந்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

போன வருஷம் எங்கள் ஊர் வாய்க்கால் ஓரம் அரசவால் ஈப்பிடிப்பான் கூடு கட்டியிருந்தது. கையளவு கிண்ணம், மேலே நாலு இலை குடை பிடித்த மாதிரி. யாரோ நாலு பேர் வந்து, படத்தில் இலை மறைக்கிறது என்று அந்த இலைகளைக் கத்தரித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் போனபோது வெயில் நேரே குஞ்சுகள் மேல். தாய் சிறகை விரித்து நிழல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது. சாயங்காலம் கூடு காலி. பக்கத்து மரத்தில் ஒரு வல்லூறு. வல்லூறைக் குற்றம் சொல்ல மாட்டேன். அது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆக்கியது நம் ஆட்கள்.

சோகநாசினி (சித்தூர்)
அக்டோபர் 13, இரவு 8.15

அண்ணா, அந்தக் கூட்டைப் படித்துவிட்டுச் சாப்பிட மனசே வரவில்லை. நீங்கள் கோபப்படுவது நியாயம்.

என் முதல் தாய்லாந்துப் பயணத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கூட வந்த வழிகாட்டி நீல ஆறுமணிக்குருவியின் குரலை ஸ்பீக்கரில் போட்டார். ஒரு தடவை போட்டால் அது பதில் சொல்லும், அத்தோடு விட்டிருக்கலாம். இருபது நிமிஷம் விடாமல் போட்டார். தன் எல்லைக்குள் வேறொருவன் நுழைந்துவிட்டான் என்று அந்தப் பறவை எங்களைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, மேய்வதையே விட்டுவிட்டது. எங்கள் குழுவில் எட்டுக் கேமரா. நானும் எடுத்தேன். அந்தப் படத்தை இதுவரை யாருக்கும் காட்டவில்லை. அடுத்த தடவை போனபோது அந்த ஆளைக் கூப்பிடவில்லை. வேறொருவரிடம், ப்ளேபேக் கிடையாது என்று முதலிலேயே பேசிக்கொண்டுதான் முன்பணம் கொடுத்தேன்.

ஆனால் தண்ணீர்க் குட்டையை இதோடு சேர்க்காதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் அங்கே ஓடைகள் வற்றும். குட்டைக்குப் பறவை தாகத்துக்கு வருகிறது, குடிக்கிறது, குளிக்கிறது, போகிறது. நாம் துணிக்குப் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது. புழு போடுவது எனக்கும் பிடிக்காது. புழுவே போடாத ஹைடும் உண்டு, கேட்டுப் போகலாம். நான் உட்கார்ந்த இடத்தை ஒரு அம்மாவும் மகளும் நடத்தினார்கள். பறவை வருவதால் தோட்டத்து ஓரக் காட்டை வெட்டாமல் விட்டிருப்பதாகச் சொன்னார்கள்.

செக்போஸ்ட் பக்கம் (கோவிந்தாபுரம்)
அக்டோபர் 14, காலை 7.30

விவாதம் நடக்கட்டும், நான் மூட்டை முடிச்சு விஷயம் சொல்கிறேன். வேலை காரணமாக வருஷத்துக்கு நாலு தடவை வெளிநாடு போய் வருகிறவன்.

லென்ஸும் கேமராவும் கையோடு எடுத்துப் போகிற பையில்தான். பல விமானங்களில் அதற்கு ஏழு கிலோதான் கணக்கு, வீட்டிலேயே நிறுத்துப் பாருங்க. உபரி பேட்டரி, பவர் பேங்க் எதையும் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது, இறக்கி வைத்துவிடுவார்கள். பேட்டரி முனைகளில் டேப் ஒட்டிக்கொள்ளுங்க. ட்ரைபாட் பெட்டிக்குள் போகட்டும்.

பலரும் மறப்பது இதைத்தான்: விலை கூடிய சாமான் கொண்டுபோகும்போது கிளம்புகிற அன்றைக்கே விமான நிலையச் சுங்கத்தில் காட்டி, சீரியல் நம்பரோடு ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது இதை வெளியே வாங்கினாயா என்ற கேள்விக்கு அதுதான் பதில். அரைமணி நேரம் முன்னாலேயே போய்விடுங்க.

அப்புறம், ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி பிடிக்கும். படுக்கும்போது பையை மூடி ஏசி காற்றுப் படாத மூலையில் வையுங்க. விடிகாலை முதல் அரைமணி நேரத்தை லென்ஸ் துடைப்பதிலேயே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கல்லூரிப் பையன்_நெம்மாறா
அக்டோபர் 14, காலை 11.48

கென்யா யாரும் சொல்லவில்லையே? ஆயிரத்துக்கும் மேல் இனம் இருக்கிறதாமே. மூன்று வருஷம் சேர்த்துவைத்தாவது போகணும் என்று ஆசை.

செக்போஸ்ட் பக்கம் (கோவிந்தாபுரம்)
அக்டோபர் 14, மதியம் 12.20

தாராளமாகப் போகலாம் தம்பி. மஞ்சள் காய்ச்சல் ஊசியை மட்டும் மறந்துவிடாதே. பயணத்துக்குப் பத்து நாள் முன்னாலாவது போட்டிருக்கணும். ஊசி போட்டதற்கான சான்று அட்டை இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனியாக வைத்துவிட முடியும். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் செல்லும்.

வேலந்தாவளம் டீச்சர்
அக்டோபர் 15, இரவு 9.35

இலங்கைக்காக நான் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் தாய்லாந்து பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹைடு சரியா தப்பா என்ற கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது.

அங்கே தென்கோடியில், மலேசிய எல்லையை ஒட்டிப் புடோ மலைகள். பிலாய் பூன்ஸ்வாட் என்ற பெண் ஆய்வாளர் 1978 முதல் தாய்லாந்து இருவாச்சிகளோடே வாழ்க்கையைக் கழித்தவர். புடோவில் இருவாச்சிக் குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுத்து விற்றுக்கொண்டிருந்த ஊர்க்காரர்களையே அவர் போய்ப் பார்த்தார். திட்டவில்லை. உங்களைவிட நன்றாக இந்தப் பொந்துகளை யாருக்குத் தெரியும், நீங்களே காவல் இருங்கள் என்று கேட்டார். சம்பளத்துக்கு நகரத்துக் குடும்பங்கள் ஒவ்வொரு கூட்டையும் தத்தெடுத்துப் பணம் அனுப்ப ஏற்பாடு செய்தார். 2006 இல் ரோலக்ஸ் விருது அவரைத் தேடி வந்தது.

இதே வேலை நமக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. வாழச்சால் காடுகளில் காடர் பழங்குடி மக்கள் பல வருஷமாக மலைமுழக்கி வேழாம்பலின் (பெரிய இருவாச்சியின்) கூடுகளைக் கண்காணிக்கிறார்கள். நான் ஒரு தடவை அப்படி ஒரு காவலரோடு போயிருக்கிறேன். கூட்டுக்கு வெகுதூரத்திலேயே நிறுத்திவிட்டார். பெண் பறவை பொந்துக்குள் போய் எச்சத்தால் வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கும். மூன்று நாலு மாசம் வெளியே வராது. ஆண் வந்து ஊட்டினால்தான் உண்டு. நாம் நிற்பதைப் பார்த்து ஆண் திரும்பிப் போய்விட்டால் உள்ளே தாயும் பிள்ளையும் பட்டினி. முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. முதலில் சத்தம்தான், ரயில் வருகிற மாதிரி இறக்கைக் காற்று. கிளையில் உட்கார்ந்து தொண்டையை அசைத்து ஒரு ஆலம்பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்தது. கீறலுக்குள் நீட்டியது. மறுபடி ஒன்று. நாற்பதுக்கு மேல் எண்ணினேன். காவலர் எண்ணவில்லை, அடைப்பில் புது விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் மாந்தோப்பு தம்பி, உங்கள் ஏற்பாட்டாளரிடம் எத்தனை இனம் என்று கேட்காதீர்கள். வழிகாட்டி அந்த ஊர்க்காரரா, ஹைடு யாருடைய நிலம், காசு யாருக்குப் போகிறது, இதைக் கேளுங்க. பிப்ரவரி அங்கேயும் இருவாச்சி கூட்டுக்காலம். கூட்டுக்கு அழைத்துப்போகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்க.

பனை உழவாரன் (கொல்லங்கோடு)
அக்டோபர் 16, காலை 6.15

டீச்சர், தண்ணீர்க் குட்டை விஷயத்தில் நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். புழுவுக்கும் ப்ளேபேக்குக்கும் இல்லை.

மாந்தோப்பு (முதலமடை)
அக்டோபர் 19, இரவு 8.50

எல்லாருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன மூன்று கேள்வியையும் ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். சரியான பதில் இல்லை, விட்டுவிட்டேன். சோகநாசினி தம்பி கொடுத்த ஊர்க்கார வழிகாட்டியிடம் பேசியாச்சு. இரண்டே இடம்: உப்பளத்தில் மூன்று நாள், கேங் கிராச்சானில் ஐந்து நாள். புழு இல்லை, ஸ்பீக்கர் இல்லை, கூடு இல்லை. இலங்கை அடுத்த வருஷம், டீச்சரும் வந்தால்.

மாந்தோப்பு (முதலமடை)
மார்ச் 3, இரவு 9.20

போய் வந்தாச்சு. இருநூறு இனம் வரவில்லை, அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது. ஆனால் சொல்ல நிறைய இருக்கிறது.

பாக் தலேயில் முதல் நாள் முழுக்கத் தேடினோம், கிடைக்கவில்லை. வெயில் ஏற ஏற உப்புப் பாத்தியிலிருந்து கானல் எழும்பி, தூரத்துப் பறவையெல்லாம் தண்ணீருக்குள் நெளிகிற மாதிரி தெரிந்தது. இரண்டாம் நாள் ஐந்தரைக்கே போய்விட்டோம். எங்களுக்கு முன்னாலேயே ஒரு அம்மா நீளப் பலகையால் உப்பை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பத்தடி தள்ளி உள்ளான் கூட்டம் மேய்கிறது, அவரைப் பொருட்படுத்தவே இல்லை. எங்களைக் கண்டதும் எழும்பிவிட்டது. வழிகாட்டி வரப்பிலேயே எங்களை உட்கார வைத்தார். அரைமணி நேரம் அசையவில்லை. கூட்டம் தானாகத் திரும்பி வந்தது.

கண்டுபிடித்தது மச்சான். பக்கவாட்டில் நிற்கும்போது அந்தக் கரண்டி தெரியவே தெரியாது, மற்ற கொசு உள்ளான் மாதிரிதான். நான் லென்ஸில் ஒவ்வொன்றின் அலகாகத் தேடிக்கொண்டிருந்தேன். மச்சான் பைனாகுலரில் கூட்டத்தை மொத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தவன், “அங்க ஒண்ணு மட்டும் வேற மாதிரி மேயுது பாரு” என்றான். மற்றதெல்லாம் தையல் மிஷின் ஊசி மாதிரி குத்திக் குத்தி எடுக்க, அது ஒன்று மட்டும் தலையைத் தாழ்த்தி இடம் வலமாக அலகைத் துழாவிக்கொண்டே நடந்தது. நம் ஊரில் சேற்று வயலில் பரம்பு அடிக்கிற மாதிரி. ஒரு நொடி நேரே எங்களைப் பார்த்தது. கறுப்புக் கரண்டி, அதன் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். எட்டுப் படம் எடுத்தேன், இரண்டு தெளிவு. பிறகு கேமராவை மடியில் வைத்துவிட்டேன். இருபத்தைந்து நிமிஷம் பார்த்தோம்.

கேங் கிராச்சானில் ஹைடில் மதியம் இரண்டு முதல் ஐந்து வரை. முதலில் சிரிப்பான் குருவிகள் கூட்டமாக வந்து கலக்கிவிட்டுப் போயின. பிறகு கௌதாரி ஜோடி, நிழலோடு நிழலாக. நாலு மணிக்கு ஒரு சருகுமான் வந்து முயல் மாதிரி குந்தித் தண்ணீர் குடித்தது. பரம்பிக்குளத்தில் நான் ஒரே ஒரு தடவை அதன் பின்பக்கத்தைப் பார்த்திருக்கிறேன், நம்முடையது வேறு இனம். பனை உழவாரன் அண்ணா, நான் எண்ணிப் பார்த்தேன்: மூன்று மணி நேரத்தில் எந்தப் பறவையும் குட்டையில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. குடித்தது, நனைந்தது, கிளம்பியது.

சிவப்புக் காட்டுக்கோழிச் சேவல் வந்தபோது மச்சான் காதில் சொன்னான், “நம்ம வீட்டுச் சேவல்தானே.” அதன் வம்சம்தான். ஆனால் அதே மரபில் நம் சாம்பல் காட்டுக்கோழியும் கலந்திருக்கிறது. வீட்டுக்கோழிக்கு மஞ்சள் தோல் கொடுத்த மரபணு நம் பக்கத்துச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008 இல் கண்டுபிடித்தார்கள். ராத்திரி அதைச் சொன்னதிலிருந்து மச்சான் வீட்டுக் கோழியின் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இருவாச்சியைப் பறக்கும்போது மட்டும் பார்த்தோம். கூடு எங்கே என்று கேட்கவில்லை.

பனை உழவாரன் (கொல்லங்கோடு)
மார்ச் 3, இரவு 10.05

மச்சானுக்கு என் வாழ்த்து. அந்த இரண்டு தெளிவான படத்தில் ஒன்றை இங்கே போடுங்க தம்பி.

வேலந்தாவளம் டீச்சர்
மார்ச் 4, காலை 5.50

நேற்று இரவே படித்தேன், தூக்கம் வரவில்லை. அக்டோபரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு ஆறுமணிக்குருவி மோதி விழுந்தது. இமயத்து அடிவாரத்திலிருந்து வந்த களைப்பு. அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்துச் சாயங்காலம் திறந்துவிட்டேன். புளியமரத்தடிக்கு ஓடிச் சருகைப் புரட்ட ஆரம்பித்துவிட்டது. அதில் சில இன்னும் தெற்கே, இலங்கைக்கும் போகும். அடுத்த ஜனவரியில் நானும் வருகிறேன், குடாவவில் நாலு நாள். வேறெங்கும் வேண்டாம்.

மாந்தோப்பு (முதலமடை)
மார்ச் 4, காலை 6.30

சரிங்க டீச்சர், எழுதிக்கொண்டேன். படம் இன்று இரவு போடுகிறேன்.

ஞாயிறு காலை ஆறரைக்கு நானும் மச்சானும் மீன்கரை அணை மதகுப் பக்கம் இருப்போம். தண்ணீர் இறங்கிச் சேறு தெரிகிறது, கொசு உள்ளான்கள் இன்னும் கிளம்பவில்லை. வருகிறவர்கள் வாங்க.